மானிட்டர் மேல் ஒரு துண்டு

என் ஸ்டுடியோவில் எடிட்டிங் மேசைக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் நீலக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று தொங்குகிறது. ஓரத்தில் நூல் பிரிந்து, எத்தனை முறை துவைத்தாலும் போகாத டீக்கறையோடு, பார்க்க அழுக்குத் துணி மாதிரிதான் இருக்கும். ஆல்பம் பார்க்க வருகிறவர்கள், "இன்னாண்ணா, கடைய இவ்ளோ ஷோக்கா வெச்சிக்கினு இத்தப் போயி மாட்டி வெச்சிக்கிறீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. என் மனைவி இரண்டு முறை அதைக் கரித்துணியாக்கப் பார்த்தாள். இரண்டு முறையும் நான் பிடுங்கிவந்து மறுபடி மாட்டினேன். அது என்னுடையதல்ல. என்னிடம் ஆறு வருடம் எடிட்டராக வேலை பார்த்த சிஸ்டருடையது.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். கணவர், ஒரு மகன், கோரமண்டல் சுரங்கப் பக்கத்தில் தொழிலாளர் லைன் வீடு எல்லாம் உண்டு. எங்கள் கேஜிஎஃப் தங்கவயலில் சர்ச்சுக்குப் போகிற பெண்களைப் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். மைன்ஸ் மூடியபின் எங்கள் வீட்டில் ஒருவர் பென்ஷனோடு கட்டிலில் படுத்தார், ஒருவர் பெங்களூர் ரயிலைப் பிடித்தார், நான் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஸ்டுடியோ போட்டேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சர்ச் கூட்டம், சாவு என்று எதையும் விட்டதில்லை. நான் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற ஆள். ஆனால் ஞானஸ்நானத்தைப் படம்பிடிக்க எந்தப் பக்கம் நின்றால் தண்ணீர் லென்ஸில் தெறிக்காது என்று எந்தப் போதகருக்கும் என்னால் சொல்லித்தர முடியும்.

சிஸ்டர் வேலை கேட்டு வந்தது ஒரு தை மாதத்தில். நான் ஆளைப் பார்த்துக் கொடுத்த வேலையல்ல அது, அவசரத்துக்குக் கொடுத்தது. இருந்த எடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். மேசையில் கல்யாணங்கள் குவிந்து கிடந்தன. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வீடியோ எடிட் செய்துகொண்டிருந்ததாக இவர் சொன்னார். அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "சம்பளம் நல்லாதான் குடுத்தாங்கண்ணா. ஆனா நான் வெட்டி ஒட்டுனத என் பையனப் பக்கத்துல உக்கார வெச்சிப் பாக்க முடியல" என்றார். என்ன வெட்டி ஒட்டினார் என்று அவர் சொல்லவில்லை. மொபைலைத் திறந்தால் இரண்டு நிமிடத்தில் என்னவெல்லாம் தானாக வந்து நிற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டாம்.

அன்றைக்கே அவர் ஒரு நிபந்தனை போட்டார். கடையை விட்டுப் போகிற ஒவ்வொரு வீடியோவையும் தான் ஒரு முறை முழுதாகப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். வேகமாக ஓட்டிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. நான் சிரித்துவிட்டேன். "மாப்பிள்ளையே முழுசா பாக்க மாட்டான்மா" என்றேன். "அதனாலதான் நான் பாக்குறேன்னு சொல்றேன்" என்றார். சரி, ஒரு வாரம் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆறு வருடம் ஓயவில்லை.

மறுநாள் வரும்போதே இந்தத் துண்டைக் கொண்டுவந்துவிட்டார். என் கடை ரயில் பெட்டி மாதிரி நீளமாக, குறுகலாக இருக்கும். வாசலில் நுழைந்ததும் வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்ச். அதற்கு நேரே எடிட்டிங் மானிட்டர். அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கூட யார் வீட்டுக் கல்யாணத்தையோ உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருப்பார். இந்த நகை எத்தனை பவுன், அந்தப் பொண்ணு யார், இவள் அவனோடு ஏன் சிரிக்கிறாள் என்று விமர்சனம் வேறு நடக்கும். நான் அதை விளம்பரம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.  வாசலில் நிழல் விழுந்ததும் சிஸ்டர் கையை நீட்டித் துண்டை இழுத்து மானிட்டர் மேல் போட்டார். வந்தவர் போனதும் எடுத்தார். ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது இது நடக்கும். கொஞ்ச நாளில் அவர் கை தானாகவே செய்ய ஆரம்பித்தது. பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துண்டைப் போடுவார். பாட்டு என்றதும் ஞாபகம் வருகிறது, சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தார். ஆனால் சுருதி அவரிடம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். நான் கிண்டல் செய்தால், "கேக்குறவருக்குப் புரியுதுண்ணா" என்று மேலே கை காட்டுவார்.

அவர் எதையெல்லாம் வெட்டினார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அவர் ஏன் முழுதாகப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தாலி கட்டும் நேரத்தில் பின்வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெண்ணை வெட்டுவார். சாம்பார் வாளியோடு குனிகிற அத்தைக்குப் புடவை விலகினால் வெட்டுவார். போதையில் சம்பந்தியைத் திட்டுகிற தாய்மாமனை வெட்டுவார். இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். ஒருநாள் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று யாரோ எழுப்பிவிட்டார்கள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்ற ஒரு நொடி படத்தில் வந்திருந்தது. அதையும் வெட்டினார். "இதுல இன்னாம்மா தப்பு?" என்றேன். "அந்த மொகத்த அவரு பேரப்புள்ளங்க காலத்துக்கும் பாக்கணுமாண்ணா?" என்றார். நானும் அந்தக் கல்யாணத்தில் கேமராவோடு நின்றவன்தான். அந்தப் பெரியவர் எழுந்து நின்றதை நான் கவனிக்கவே இல்லை.

என் கேமராமேன்களுக்கு அவரைக் கண்டால் பயம். நடனமாடுகிற பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் ஜூம் போட்டு எடுக்கிற பழக்கம் இந்தத் தொழிலில் எங்கும் உண்டு, என் கடையிலும் இருந்தது. சிஸ்டர் அதற்காகச் சண்டை போட்டதில்லை. எடுத்தவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, "நீங்க எடுத்தது, வாங்க, ரெண்டு பேரும் முழுசா பாக்கலாம்" என்பார். சிஸ்டர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்க, எடுத்தவன் வியர்த்து, நெளிந்து, கடைசியில் "வெட்டிடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவான். இரண்டு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். அதற்குப் பிறகு என் கடையில் அந்த ஜூம் நின்றுபோனது.

இன்னொரு முறை ஒரு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. பொண்ணு ஏழாம் வகுப்பு. ஏதோ சினிமாக் காதல் பாட்டைப் போட்டு ஸ்லோமோஷனில் ரீல்ஸ் வேண்டும் என்று வீட்டில் கேட்டார்கள். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், நாங்களும் நிறையப் போட்டிருக்கிறோம். சிஸ்டர் முடியாது என்றார். அம்மாக்காரி என் கடையில் நின்று கத்தினாள். எல்லாம் முடிந்தபின் சிஸ்டர் அந்த அம்மாவை உட்கார வைத்து, "பாப்பா இன்னா படிக்கிது? இன்னா புடிக்கும்?" என்று கேட்டார். த்ரோபால் ஆடுவாள் என்றாள் அந்த அம்மா. நாதஸ்வரத்தைப் பின்னணியில் வைத்து, பட்டுப்பாவாடையோடு அந்தப் பொண்ணு தன் சிநேகிதிகளோடு விழுந்து விழுந்து சிரிப்பதை மட்டும் கோர்த்துக் கொடுத்தார். அந்தம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த விசேஷத்துக்கு வேறு கடைக்குத்தான் போனாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிப்பட்டவரோடு வேலை பார்ப்பது சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். எல்லாம் தாமதம். வாடிக்கையாளர் போனில் என்னைத்தான் கிழிப்பார். சிஸ்டரோ பிடித்த பிடியை விடமாட்டார். ஆயுத பூஜையன்று நான் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது போய் வாசலில் நின்றுகொள்வார். முதல் வருடம் எனக்கு முகம் சுண்டிப்போனது. பூஜை முடிந்ததும் உள்ளே வந்து, குங்குமப் பொட்டு வைத்த மானிட்டரைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்து வேலை பார்த்தார். "உங்க ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரா?" என்று சீண்டினேன். "நான் இன்னா நம்புறேன்னு அவருக்குத் தெரியும். கடை உங்க கடைண்ணா" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அதில் வருத்தம் வந்ததில்லை.

இனி அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் போதகர் ஒருவரை அழைத்து மூன்று நாள் பகலில் உபவாசக் கூட்டம் போட்டார்கள். படம்பிடிக்கிற வேலை எங்களுக்கு வந்தது. நன்றாகச் செய்தால் அந்த வருடம் முழுக்க அவர்கள் கூட்டமெல்லாம் எங்களுக்குத்தான் என்று பேச்சு. கூட்டத்தை நடத்திய குழுவில் முக்கியமானவர் சிஸ்டரின் சர்ச்சைச் சேர்ந்தவர், எல்லாருக்கும் அவர் பிரதர். சர்ச்சில் யார் பாட வேண்டும், யார் வேதம் வாசிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் முடிவு செய்வார். கடைசி நாள் காற்று பலமாக அடித்தது. எங்கள் ஊரில் காற்றடித்தால் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பிவிடும். சிஸ்டர் இந்தத் துண்டைக் கேமராவுக்கு முக்காடு போட்டு லென்ஸ் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தார். மேடையின் ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் நான்.

அன்று நோய் தீர ஜெபிக்கச் சொல்லி மேடை ஏறியவர்களில் ஒருவரை சிஸ்டர் பெரியப்பா என்று கூப்பிடுவார். உறவு இல்லை, லைனில் பக்கத்து வீடு. சிஸ்டரின் அப்பாவோடு ஒரே ஷிப்ட்டில் சுரங்கத்தில் இறங்கியவர். பாறைத் தூள் நுரையீரலில் தங்கிப்போய், பத்தடி நடந்தால் உட்கார வேண்டும். பாப்பா என்று அவர் கூப்பிடுகிற மகள்தான் கைத்தாங்கலாக அழைத்துவந்து மேடையில் ஏற்றிவிட்டு, கீழே கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். போதகர் ஜெபித்தார். நடங்கள் என்றார். பெரியவர் நடந்தார். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கையை உயர்த்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு நடந்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தப் போதகர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது, நான் குளோசப்பில் பார்த்தேன். ஆனால் பின்பக்கப் படிக்கட்டில், பேனர் மறைத்திருந்த இடத்தில், இரண்டாவது படியிலேயே பெரியவர் மூச்சு முட்டி மடிந்து விழுந்தார். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. சிஸ்டருக்கும் தெரிந்தது. மகள் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பிரதர் கடைக்கு வந்தார். ஒரு நிமிட வீடியோ வேண்டும். முதலில் பெரியவர் மேடை ஏறுமுன் நாற்காலியில் இரைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அடுத்து நடப்பது, மேலே சுகம் கிடைத்தது என்ற எழுத்து. "அந்தப் படிக்கட்டு மட்டும் வோணாம்" என்று அவராகவே சொன்னார். சிஸ்டர் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்டி குடுக்க முடியாது பிரதர்."

"மேடையில நடந்தாரா இல்லியா சிஸ்டர்? நடந்ததத்தான கேக்குறேன்?"

"நடந்தாரு. அப்பால உழுந்தாரு. நீங்க கேக்குறது நடந்ததுல பாதி."

பிரதர் லேசுப்பட்டவர் அல்ல. "நீங்க எல்லா வீடியோலயும் வெட்டுறீங்களாமே, அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறாரு. இத்த மட்டும் ஏன் வெட்ட மாட்டீங்க?" என்றார். எனக்கே அது நியாயமான கேள்வியாகப் பட்டது.  சிஸ்டர், "நான் வெட்டுறது படத்துல கீற ஆளுக்காக. நீங்க வெட்டச் சொல்றது பாக்குறவங்களுக்காக" என்றார்.

"உங்களுக்கு விசுவாசம் இல்லியா?"

"இருக்குது பிரதர். அதனாலதான் முடியாதுன்றேன். ஆண்டவரு செய்யாதத செஞ்சாருன்னு போட்டுட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் அவராண்ட போயி ஜெபம் பண்றது?"

 தைரியமாகச் சொன்னார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் பயந்துகொண்டுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சிறுவயதிலிருந்து பாடி வந்த குழுவிலிருந்து அந்த ஞாயிறே அவரை நிறுத்தினார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, பெரியவரின் மகள் சொல்லித்தான் தெரியும். வேலையில் மட்டும் பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சுருதி பிசகிய பாட்டு இல்லாமல் கடை என்னவோபோல் இருந்தது.

எனக்கும் அடி விழுந்தது. கூட்டங்களெல்லாம் வேறு ஸ்டுடியோவுக்குப் போயின. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சிஸ்டர் வேலை பார்க்கிற கடைக்காரன் சாமி கும்பிடுகிறவன், அவன்தான் அந்தப் பெண்ணைத் தூண்டிவிட்டான் என்று பஜாரில் பேச்சு. டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. சிஸ்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் என் கேமராவில் பதிவானதை எடுத்து மேசையில் போட்டேன். நடந்தது, விழுந்தது, இரண்டும் என்னிடம் இருந்தன. சிஸ்டரின் கேமராவில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை, எனக்கு வேண்டியதெல்லாம் என்னுடையதிலேயே இருந்தது. மேடையில் கைதட்டலையும் படிக்கட்டில் விழுந்ததையும் ஒட்டினேன். கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு வைத்தேன். உண்மைதானே, இதில் ஒரு பொய்யும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள், பிரதர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார் பார்க்கலாம் என்று டீயை உறிஞ்சிக்கொண்டே மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. துண்டு என் தோளுக்கு மேலாகப் பறந்துவந்து மானிட்டர் மேல் விழுந்தது. டீ கிளாஸ் சாய்ந்தது. கறை அன்றைக்குப் பிடித்ததுதான்.

"இன்னாம்மா இது? உன்ன சர்ச்சுல பின்னாடி உக்கார வெச்சிட்டாங்க. உனுக்காகவும்தான் போடுறேன்" என்றேன்.

"எனுக்காக வோணாண்ணா. அவுங்க பெரியப்பாவ வெச்சி ஆண்டவரக் காட்டப் பாத்தாங்க. நீங்க பெரியப்பாவ வெச்சி அவுங்களக் காட்டப் பாக்குறீங்க. ரெண்டு பேருமே அவர ஒரு வார்த்த கேக்கல."

எனக்குக் கோபம் தணியவில்லை. "சரி, வா, கேப்போம்" என்று சவால் விட்டேன். அந்த மனிதர் தன்னைக் கூட்டத்தில் காட்சிப்பொருளாக்கியதற்கு ஆத்திரத்தில் இருப்பார், போடுங்கள் என்று சொல்வார் என்பது என் கணக்கு. லைன் வீட்டுக்குப் போனோம். பெரியவர் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். சிஸ்டர் எதையும் மறைக்காமல் இரண்டு பக்கத்தையும் சொன்னார். அவர் மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "நடந்தப்ப மனசு நெறஞ்சி போச்சிம்மா. அது பொய் இல்ல. வியாதி போவல, அதுவும் பொய் இல்ல." தலையணையைப் பிடித்து நிமிர்ந்தார். "ஆனா மடிஞ்சி உழுந்துகினு இருக்கிறத ஊரு பாக்க வோணாம். நான் மைன்ஸ்ல அவ்ளோ வருசம் ஏறி எறங்குனவன். பொண்ணு என்னிக்காச்சும் கேட்டா நடந்தத மட்டும் குடு."

கடைக்குத் திரும்பினோம். நான் அழிக்கச் சொன்னேன். "உங்க கேமராண்ணா, உங்க கையால பண்ணுங்க" என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார், ஆயுத பூஜைக்குப் போய் நிற்பாரே, அதே வாசலுக்கு. அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். வெட்டி ஒட்டும்போது பெரியவரை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது மற்றதும் தெரிந்தது. அவர் மடிகிறார். சட்டகத்தின் ஓரத்திலிருந்து சிஸ்டர் ஓடிவருகிறார். மண்டிபோட்டுத் தன் தோளில் அவரைச் சாய்த்துக்கொள்கிறார். அவ்வளவு நேரமும் படம் துளிகூட அசையவில்லை. ஸ்டாண்டு கூடக் கிடையாது, என் கையில்தான் கேமரா இருந்தது. ஒரு மனிதர் என் கண்ணெதிரே மூச்சுக்குத் தவிக்கும்போது என் கை ஆடவே இல்லை. நல்ல கேமராமேனுக்கு அதுதான் அழகு என்று நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பெரியவர் மேடையில் நடந்ததைக் கூட்டத்தில் யாரோ மொபைலில் எடுத்த மங்கலான படம் இரண்டு நாள் சுற்றியது. பிறகு அடுத்த பரபரப்பு வந்து அதை அடித்துக்கொண்டு போனது. சில மாதங்களில் பெரியவர் இறந்தார். அப்பாவின் அடக்கத்தில் சிஸ்டர்தான் பாட வேண்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். பிரதரும் அங்கே நின்றிருந்தார். சிஸ்டர் பாடினார். வழக்கம்போலச் சுருதி தள்ளித்தான் நின்றது. நான் கேமராவை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன்.

சிஸ்டரின் கணவருக்கு தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வர உடம்பு ஒத்துழைக்கவில்லை. குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்கள். சிஸ்டர் ஒரு பள்ளி ஆபீஸில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. கடைசி நாள் துண்டை மறந்துவிட்டுப் போவதாக நினைத்து ஓடிப்போய் நீட்டினேன். "இருக்கட்டும்ணா, இங்க தேவப்படும்" என்றார். இப்போது என் கடையில் வேலை வேறு மாதிரி. பந்தி முடிவதற்குள் ரீல்ஸ் கேட்கிறார்கள். முழுதாகப் பார்த்துத்தான் அனுப்புகிறேன் என்று சொன்னால் சிஸ்டர் நம்பமாட்டார். பாதி பார்க்கிறேன். சில நாள் பாதிகூட இல்லை.

போன மாதம் ஒரு பகலில் பெரியவரின் மகள் வந்தாள். தன் பிள்ளைகளுக்குத் தாத்தா நடந்தது ஞாபகமே இல்லை, கட்டிலில் கிடந்ததுதான் தெரியும் என்றாள். "அன்னிக்கி அப்பா நடந்தாரே, அது இருக்குதாண்ணா?" என்று கேட்டாள். என்னுடையதை அன்றைக்கே மொத்தமாக அழித்துவிட்டிருந்தேன். பழைய ஹார்டுடிஸ்கில் தேடினேன். சிஸ்டரின் ஃபோல்டர்களுக்கு நடுவில் ஒன்றின் பெயர், பெரியப்பா, மகளுக்கு மட்டும். உள்ளே அவர் கேமராவில் எடுத்தது இருந்தது. நான் அதுவரை பார்க்காதது.

பெரியவர் நடந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கை உயர்ந்தது, சிரிப்பு, கூட்டத்தின் சத்தம். மேடைக் கோடிக்கு வந்து படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். நிறுத்த என் கை போவதற்குள் படம் ஒரு குலுங்கு குலுங்கியது. ஒரு கீற்று வானம் தெரிந்தது. பிறகு திரை முழுக்க வெள்ளை. ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அது என்னவென்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆனது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஓடுவதற்கு முன்னால், வாசலில் நிழல் விழுந்தால் போடுவாரே, அதே மாதிரி துண்டை இழுத்து லென்ஸை மூடிவிட்டு ஓடியிருக்கிறார். படம் இல்லை. சத்தம் மட்டும் வந்தது.

"புட்ச்சிக்கினேன் பெரியப்பா. புட்ச்சிக்கினேன். அவசரமே இல்ல, மெதுவா உடுங்க மூச்ச. நான் எங்கியும் போவல."

நீண்ட இரைப்பு. பிறகு பெரியவரின் குரல், மிகவும் மெல்லியதாக. "பாப்பா பாத்துட்டாளா?"

"இல்ல பெரியப்பா. யாருமே பாக்கல."

மகள் அழுதாள். அழுதுகொண்டே மறுபடி போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்ப நீங்க எங்க இருந்தீங்கண்ணா?"

"பத்தடி தூரத்துல" என்றேன். "கேமரா ஓட்டிக்கினு இருந்தேன்மா."

 மறுபடியும் ஒரு முறை போடச் சொன்னாள். பெரியவர் மேடையில் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு யாரோ வந்திருந்தார்கள். நான் எழுந்து ஆணியிலிருந்து துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டேன். வந்தவரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். துண்டுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.